இரு குப்பிகளை ஏந்திய கைக்கு

மருந்தறையின் மனச்சாட்சியே! மூன்றாம் வார்டின் முதற்குரலே! முப்பத்தாறு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் எங்களோடு நின்று இன்று ஓய்வுபெறும் தலைமைச் செவிலி தெல்லெர்வோ ஹாப்பசாலோ அவர்களே! வணக்கம்.

தேவையின்றி வாய் திறப்பதைக் கூச்சமாகக் கருதும் பின்லாந்துக்காரர் நாங்கள். காப்பி ஆறினாலும் ஆறட்டும், இன்று பேசியே ஆகவேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. இடுப்பு அறுவை முடிந்து நன்றாகத் தேறிவந்தார் படகோட்டி வெய்க்கோ ரான்டலா. அவர் கையில் பொருத்தியிருந்த ஊசிக்குழாயை உப்புநீரால் கழுவத் தாங்கள் எடுத்த குப்பியில் இருந்ததோ இதயத்தையே நிறுத்திவிடும் பொட்டாசியம். இரண்டும் ஒரே அளவு, ஒரே நீல மூடி, ஒரே இழுப்பறை. சில நிமிடங்களில் அவர் போய்விட்டார்.

அன்று மாலையே அவர் மனைவி ஆவ்னெயின் முன் தாங்களே போய் நின்றீர்கள். "மருந்து மாறிப்போச்சு. என் கையாலதான்," என்றீர்கள்.

"அவருக்கு வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வலிச்சுது. நான் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றீர்கள்.

பின்பு பொட்டாசியத்தைப் பூட்டுக்குள் வைக்கச் செய்தீர்கள். ஊசி போடுமுன் இருவர் நின்று மருந்தின் பெயரை உரக்கப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். 'ஞாயிற்றுக்கிழமை ஜெபம் ஆரம்பிச்சாச்சு' என்று கேலி செய்த எங்கள் வாய்களே, அப்படிப் படித்துப் படித்துப் பதினொரு தவறுகளைத் தடுத்து நிறுத்தின. புதிதாய் வந்த ஒவ்வொருவருக்கும் இரு குப்பிகளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டி, வெய்க்கோவின் கதையைச் சொன்னீர்கள். "எடுத்தது நான்," என்றே ஒவ்வொரு முறையும் முடித்தீர்கள்.

ஐயோ, அம்மையே! அந்தப் பழி முழுதும் தங்களுடையதன்று.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, எங்களுள் ஒருத்தி அதே இழுப்பறையில் அதே தவறான குப்பியை எடுத்தாள். மூடியைத் திருகும்போதுதான் எழுத்து கண்ணில் பட்டது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். இழுப்பறையை அடுக்கியவர்மேல் குறை சொன்னதாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு காப்பி குடிக்கப் போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெய்க்கோ தம் காலால் நடந்து வீடு போயிருப்பார். இதற்குமுன் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததா என்று விசாரணையில் கேட்டபோதும் இல்லையென்று தலையசைத்தாள். தாங்கள் கதை சொன்ன நாளெல்லாம் கடைசி வரிசையில் நின்று கேட்டாள். கையெழுத்து அழகென்று இம்மடலை எழுதும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார்கள்.

ஏரிக்கரை வீட்டில் தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க! இனியாவது நிம்மதியாக உறங்குக! மன்னிப்பைக் கேட்கிறேன், தரவேண்டுமென்று கட்டாயமில்லை. குப்பிகளை மட்டும் தந்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை புதியவர்கள் வருகிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி, கதையை நான் சொல்கிறேன்.

மூன்றாம் வார்டு ஊழியர் அனைவர் சார்பிலும்,
அந்தச் செவ்வாய்க்கிழமைச் செவிலி,
மார்கெத்தா ஈலெனென்