வேன்களின் நடுக்கம் தீர்த்த போர்மன் ஜெமீல் அவர்களுக்கு

கல்முனைக்குடிக் கரையோர வேன் சேவைச் சங்கத்தின் பட்டறையில் முப்பத்தோராண்டு உழைத்து இன்று ஓய்வுபெறும் பெருந்தகையே! ஆடும் வண்டிகளை அடக்கிய அன்பரே! கியரின் முனகலையும் சில்லின் சிணுங்கலையும் செவியால் பிரித்தறிந்த செம்மலே! வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே வாழ்நாளில் பாதியைக் கழித்தவரே! எல்லா வண்டிக்கும் காது கொடுத்துவிட்டுத் தன் வாயை மட்டும் பூட்டி வைத்தவரே! அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மடலை ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரிடம் கொடுத்து எழுதுவிப்போம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவர் முழுநிலவே, முத்துச்சுடரே என்று எழுதுவார். ஒரு வேனும் அதில் ஓடாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற சாரதி. பிழை திருத்தித் தருகிறேன் என்று ஸ்டோர் பார்க்கிற முபீன் கேட்டார். கொடுக்கவில்லை. திருத்துகிற சாட்டில் சொல்ல வேண்டியதை அழித்துவிடுவார்கள்.

ஜெமீல் அவர்களே! பொறுமையில் தாங்கள் மலை. அந்த மலையடியில் நின்று சாரதிமார் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேன் நடுங்குகிறது என்று வந்தால் மற்ற மெக்கானிக் நட்டுக் கழற்றும் சாவியைத் தூக்குவான். தாங்கள் கேள்வியைத் தூக்குவீர்கள். எத்தனையில் நடுங்குது? மிதிச்சாலா, விட்டாலா? பிறகு சாரதியைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, பாலமுனைவரை ஓட்டி, அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலில் விட்டுக் காது கொடுப்பீர்கள். என்ஜின் சத்தம் இறங்கிய பிறகும் நடுக்கம் இறங்காவிட்டால், "என்ஜின்ல இல்ல, அதுக்குப் பொறகால" என்பீர்கள். அந்த ஒரு வசனத்துக்குப் போகவர முப்பது கிலோமீற்றருக்கு மேல் எண்ணெய்!

கியர்பொக்ஸிலிருந்து பின்சில்லுக்கு ஓடுகிற நீளச் சாஃப்டைக் கழற்றுமுன், அது இருந்த நிலைக்கு வெள்ளைப் பெயின்றால் கோடு போடாமல் தாங்கள் ஒரு நட்டையும் தொட்டதில்லை. கோட்டுக்குக் கோடு பொருந்தாமல் பூட்டினால் நல்ல சாஃப்டும் ஆடும் என்று பட்டறைக்கு வந்தவனுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தீர்கள். நான் மட்டும் அந்தக் கோட்டை நம்பவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, என் வேன் ஐம்பதைத் தாண்டினால் நடுநடுங்கத் தொடங்கிற்று. கண்ணாடியில் பின்னால் வருகிறவனுக்கு இரண்டு முகம் தெரிந்தது. தாங்கள் டயரை மாற்றிப் பார்த்தீர்கள், சாஃப்டைக் கழற்றிக் கோடு போட்டீர்கள். என் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு பழையதைப் போடத்தான் இந்த அடையாளம் என்று நினைத்து, தாங்கள் லுஹர் தொழுகைக்குப் போன நேரம் ஆணியால் சாஃப்டில் மூன்று கீறல் போட்டேன். வந்து பார்த்தீர்கள். வயதில் மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவீர்கள். "கீறினது மட்டும் காணாது காக்கா, பேரையும் எழுதி உடுங்க" என்றீர்கள். பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிற்று.

சாஃப்டின் குறுக்கு மூட்டுகளைப் புதிதாகப் போட்டும், சமநிலை பார்த்தும் நடுக்கம் நிற்கவில்லை. மூன்றாம் கிழமை நான் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினேன்: நல்ல சாஃப்டைக் கழற்றிக் கெடுத்துவிட்டார், இவருக்கு வேலை தெரியாது.

எழுதி நாலாம் நாள் கேட்டீர்கள்: "காக்கா, ஆள் ஏத்தினாக் கொறையுதா?" எனக்கென்ன தெரியும் என்றேன். உடனே பட்டறையில் நின்ற எட்டுப் பேரையும் என் வேனில் ஏற்றினீர்கள். கடைசி இருக்கையில் வெல்டர் அழகரெத்தினம். அவருடைய உடம்பு எல்லாருக்கும் தெரியும். "என்ன அண்ணன், மெக்கானிக் வேலைக்கா கூட்டிப் போறீங்க, இல்லாட்டி நெல்லு மூட்டைக்குப் பதிலாவா?" என்று தங்களிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேன் அறுபதில் போயிற்று. நடுக்கம் இல்லை.

திரும்பி வந்து அடியில் படுத்தீர்கள். எழும்பி, "பின்பக்கம் தூக்கி நிக்கிது காக்கா, சாஃப்ட் சரிஞ்சி சுத்துது" என்றீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பாரம் தாங்கும் பின் வில்லில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த மேலதிகத் தகடுகளைக் கழற்றினீர்கள். வேன் அடங்கிற்று. வேலைப் புத்தகத்தில் "தகடு இரண்டு அகற்றப்பட்டது" என்று எழுதினீர்கள். போட்டவன் யார் என்று எழுதவில்லை.

போட்டவன் நான். இருக்கைகளைக் கழற்றி நெல் ஏற்றினேன். பின்பக்கம் பதிந்தது. அக்கரைப்பற்றில் ஒரு கொல்லன் கம்மாலையில் வில்லுக்கு மேலதிகத் தகடு வைத்தேன். நெல் முடிந்தது, இருக்கை திரும்பி வந்தது, தகடு மறந்துபோயிற்று. நினைவு வந்தபோதும் வாய் திறக்கவில்லை. ஆள் ஏற்றும் வேனில் மூட்டை ஏற்றினால் சங்கம் ஓட்ட வரிசையிலிருந்து நீக்கிவிடும். பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிற தகட்டில் இங்கே இருக்கிற எல்லாரும் கால் தட்டியிருப்பீர்கள். அது என்னுடையது.

வேன் சரியானதும் முறைப்பாடும் முடிந்தது என்று இருந்தேன். போன கிழமை காரியாலயத்தில் வேலை பார்க்கிற தங்கை ஜுனைதா இன்றைக்குக் கொடுக்கப்போகும் சேவைச் சான்றிதழைக் காட்டினார். "மெக்கானிக் ஜெமீல்" என்று இருந்தது. மூன்று வருடமாகப் பட்டறைக்கே தலைமையாக நின்று போர்மன் வேலை பார்க்கிறவருக்கு இது என்ன என்று சத்தம் போட்டேன்.

"உங்கட கடிதம்தான் காக்கா பைல்ல இரிக்கி. அதாலதான் போர்மன் பதவி நிண்டது."

"என்ட கடிதமா?"

"உங்கட கையெழுத்துத்தான். வேணும்டா காட்டுறன்."

தங்களிடம் ஓடிவந்தேன். நினைவிருக்கிறதா, என்ன சொன்னீர்கள் என்று? "நான் செல்லியிருந்தா உங்கட வேன வரிசையில இருந்து எடுத்திருப்பாங்க காக்கா. ஓடுற வேனுக்கு என்னத்தக் கதைக்க."

மூன்று வருடம்! தம்பி ஜெமீல், வாயில் என்ன கிரீஸா வைத்திருந்தீர்கள்? இதைப் பெருந்தன்மை என்று அதிபர் எழுதியிருப்பார். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்து ஸலாம் சொன்னீர்களே, அன்றைக்கு ஒரு ஏச்சு ஏசியிருந்தால் நானே போய்க் கடிதத்தைக் கிழித்திருப்பேன்.

முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் "பார்ப்போம்" என்றார். அவர்களுடைய பார்ப்போம் எனக்குத் தெரியும். சோற்றைத் தின்றுவிட்டு ஆள் வீட்டுக்குப் போகட்டும் என்று அர்த்தம். ஆகவே சபையில் சொல்கிறேன்: நான் எழுதியது பொய். என்னை வரிசையிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள். இந்த வரியை வாசிக்கும்போது ஜுனைதா எழுந்து காரியாலயத்துக்குப் போவார். ஒரு சொல் மாற்றி அடிக்க ஐந்து நிமிடம் போதும். செயலாளர் அவர்களே, பேனையை வெளியே எடுங்கள். அந்தக் கடதாசி வரும்வரை சோற்றுச் சஹன் ஒன்றும் திறக்கப்படாது. சமையல் அறை வாசலில் அழகரெத்தினம் நிற்கிறார். இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் அடித்தாயிற்று. கண்ணாடிக்குள் போர்மன், சான்றிதழில் மெக்கானிக் என்று இரண்டு ஆளாகத் தங்களை நாங்கள் வீட்டுக்கு அனுப்பமாட்டோம்.

நோய் அண்டாத உடம்பையும், துணைவியார் ஹப்ஸாவோடு நெடுநாள் நிம்மதியையும் அல்லாஹ் தங்களுக்குத் தருவானாக! சீமெந்துத் தரையில் கிடந்த முதுகு இனி மெத்தையில் கிடக்கட்டும். இனி எவனாவது தங்கள்மேல் பாரம் ஏற்றினால், தயவுசெய்து, ஏற்றியவன் பெயரைச் சொல்லுங்கள்.

இவ்வண்ணம்,
போர்மன் ஜெமீல் அவர்களின் கீழ் வேலை செய்த பட்டறையார், சாரதிமார்.
எழுதியவன், கீறியவன், தகடு போட்டவன்: சாரதி மசூர்.