பாக்கு விழுந்த சத்தம்

பக்கிரிசாமி: சாவியக் குடுங்கண்ணே. நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

இராமலிங்கம்: குடுக்கறேன். மொதல்ல உக்காரு.

பக்கிரிசாமி: உக்காந்தா நேரமாயிடும். பத்து மணிக்குக் கொடி ஏத்தறாங்க. சங்கத்து வாசல்ல பயலுங்க இப்பவே கூடிட்டானுங்க.

இராமலிங்கம்: கூடட்டும். எலக்சன்ல தோத்த மறுநாள் காலையில என் வீட்டுக்கு வந்த மொத ஆளு நீ. ஒரு வாய் காப்பி குடிக்காமப் போனா பிரிக்பீல்ட்ஸ் என்ன பேசும்?

பக்கிரிசாமி: என்ன பேசும்?

இராமலிங்கம்: கணக்கெழுதற கிராணி இராமலிங்கத்துக்குத் தலைவர் பதவி போனதோட காப்பித்தூளும் போயிடுச்சுன்னு பேசும்.

பக்கிரிசாமி: பரவாயில்ல, சிரிக்க வைக்கிறீங்க. நான் என்னமோ கதவச் சாத்திக்கிட்டு படுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.

இராமலிங்கம்: படுக்கவே இல்ல... சீதா, பக்கிரி வந்திருக்கான்.

சீதாலெட்சுமி: வாங்க தம்பி. காப்பி இதோ.

பக்கிரிசாமி: அண்ணி, என்ன கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கு?

சீதாலெட்சுமி: ஈர வெறகு. ஒரே புகை.

பக்கிரிசாமி: அண்ணன் தோத்ததுக்கு அழுதீங்களோன்னு பாத்தேன்.

சீதாலெட்சுமி: அதுக்கு ஏன் அழணும்? இனிமே சாயங்காலம் ஆனா சங்கம் கிங்கம்னு போகாம வீட்லயே இருப்பாரு பாருங்க, அதுக்கு வேணா அழலாம்.

இராமலிங்கம்: கேட்டியா? வீட்டுக்குள்ளயும் எதிர்க்கட்சி.

பக்கிரிசாமி: காப்பி ஆச்சு. சாவி?

இராமலிங்கம்: எந்தக் கொடியடா ஏத்தப் போறீங்க?

பக்கிரிசாமி: தெரியாத மாதிரி கேக்கறீங்களே. மூவர்ணக் கொடிதான்.

இராமலிங்கம்: இங்கிலாந்து ராஜா படம்?

பக்கிரிசாமி: இறக்கிடுவாங்க. சுவத்துல காந்தி படம்தான் இருக்கணும்னு பழனியப்பன் சொல்லிட்டான். இனிமே அவன்தான தலைவன்.

இராமலிங்கம்: ரெண்டு படமும் ஒரே சுவத்துல இருக்கட்டும்டான்னு நான் கூட்டத்துல சொன்னேன். அந்த மகாத்மா வேணாம்னா சொன்னேன்?

பக்கிரிசாமி: ரெண்டும் பக்கத்துல பக்கத்துல எப்படிண்ணே இருக்கும்? ஒருத்தர் இன்னொருத்தர ஜெயில்ல போட்டவரு.

இராமலிங்கம்: அது அங்க, இந்தியாவுல. இங்க நம்ம மண்டபத்துக்கு நிலம் குடுத்தது யாரு? சுடுகாட்டுக்கு இடம் குடுத்தது யாரு? மனு எழுதி, தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு, வாசல் வாசலா நின்னு நான் வாங்கினது. கூச்சல் போட்டு வாங்கல.

பக்கிரிசாமி: அந்தத் தொப்பியத்தான் பயலுங்களுக்குப் பிடிக்கல.

இராமலிங்கம்: என்னைய என்னன்னு கூப்பிடறானுங்க? உண்மையச் சொல்லு.

பக்கிரிசாமி: வேணாம்ணே.

இராமலிங்கம்: சொல்லுடா.

பக்கிரிசாமி: ...துரை வீட்டு நாய்க்குட்டின்னு.

இராமலிங்கம்: குட்டின்னாவது சொன்னானுங்களே. இந்த வயசுக்கு அது மரியாதைதான்.

பக்கிரிசாமி: பழனியப்பன் அப்படிச் சொன்னதில்ல. அவன் வாயில அந்த வார்த்தை வந்தா நானே அறைஞ்சிருப்பேன்.

இராமலிங்கம்: தெரியும்... அவன் எங்க இப்ப?

பக்கிரிசாமி: ராத்திரி வீட்டுக்கு வரல. செந்தூல்ல கூட்டாளிங்களோட கொண்டாட்டம். நேரா சங்கத்துக்கு வந்துடுவான். என் மக புஷ்பவல்லி வேற, அவன் போட்டுக்கறதுக்குக் கதர்ச் சட்டைய சோப்புப் போட்டுத் துவைச்சு, பெட்டி போட்டு வச்சிருக்கா. தை மாசம் ரெண்டு பேருக்கும் கல்யாணத்த முடிச்சிடலாம்னு இருக்கேன்.

சீதாலெட்சுமி: தை மாசமா...

பக்கிரிசாமி: என்ன அண்ணி?

சீதாலெட்சுமி: ஒண்ணுமில்ல தம்பி. தோசைக்கல்லு காயுது. ரெண்டு ஊத்திக் கொண்டாறேன்.

பக்கிரிசாமி: வேணாம் அண்ணி, நான் கெளம்பணும்.

இராமலிங்கம்: உக்காருடா. சாவி வேணும்னா நான் பேசறதக் கேட்டுட்டுத்தான் போகணும். தோத்தவனுக்கு அந்த உரிமையாவது இருக்கு.

பக்கிரிசாமி: சரி, பேசுங்க. சீக்கிரம் பேசுங்க.

இராமலிங்கம்: நாட்டுப்பற்று, நாட்டுப்பற்றுன்னு மேடை பூரா பேசினான் உன் அக்கா மகன். எந்த நாடு? அவன் பொறந்தது கேரித் தீவுல, ரப்பர்ப் பால் எடுக்கற கித்தாத் தோட்டத்து லயத்துல. இந்தியாவ அவன் கண்ணால கண்டானா?

பக்கிரிசாமி: நீங்க மட்டும் இங்கிலாந்தக் கண்டீங்களா?

இராமலிங்கம்: காணல. நான் அதச் சொல்லல. கிள்ளானுக்குப் போற தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டினவரு எங்கப்பா. காய்ச்சல் கண்டு அந்த லைன் ஓரத்துலயே செத்தாரு. எங்க பொதைச்சாங்கன்னு கூடத் தெரியாது. வண்டியில போறப்பல்லாம் சன்னல் வழியா பாத்துக்கிட்டே போவேன். எந்த மேடா இருந்தாலும் மனசுக்குள்ள கும்பிட்டுக்குவேன். எனக்கு நாடுன்னா அதுதான்.

பக்கிரிசாமி: கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தண்டவாளத்துல ஓடற வண்டி யாருதுண்ணே? உங்கப்பாவோடதா?

இராமலிங்கம்: ...இல்ல.

பக்கிரிசாமி: அதத்தான் பயலுங்க கேக்கறானுங்க.

இராமலிங்கம்: கேக்கட்டும். கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கில்ல? கூரை ஒழுகுதுன்னா ஓட்ட மாத்தணும். வீட்டையே கொளுத்திட்டு மழையில நின்னுக்கிட்டு, பாரு ஒழுகலன்னு சொல்றதா? நான் பழசப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறேன்னு சொல்றீங்க. பழசு நல்லதுன்னு இல்லடா. பழசுல எந்தப் பலகை உடையும், எந்தப் பலகை தாங்கும்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான். நான் மனு குடுக்கற துரை எப்பேர்ப்பட்ட ஆளுன்னும் தெரியும். ஆனாலும் நேத்து வரைக்கும் நான் போனா எனக்கு நாற்காலி போட்டான்.

பக்கிரிசாமி: இன்னிக்குப் போய்ப் பாருங்க.

இராமலிங்கம்: ...இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

பக்கிரிசாமி: நாளைக்குப் போய்ப் பாருங்க. நாற்காலி உங்களுக்குப் போட்டதா, சங்கத்துக்குப் போட்டதான்னு தெரியும். சரி, நான் வரேன். சாவி எங்க?

இராமலிங்கம்: எங்க வச்சேன்னு ஞாபகம் இல்ல. தேடணும்.

பக்கிரிசாமி: அண்ணே, வெளையாடாதீங்க. குடுக்கலன்னா பூட்ட ஒடச்சிடுவானுங்க. அந்த அசிங்கம் உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் நானே ஓடி வந்தேன்.

இராமலிங்கம்: எனக்காகவா ஓடி வந்த? அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். நேத்து குடத்துல நீ என்ன போட்ட?

பக்கிரிசாமி: ...இதென்ன கேள்வி?

இராமலிங்கம்: வெத்தல போட்டா எனக்கு. பாக்கு போட்டா பழனியப்பனுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நெறைய பேருன்னு நான்தான் இந்த ஏற்பாட்டக் கொண்டு வந்தேன். பித்தளைக் குடம், மேல துணி, உள்ள கைய விட்டுப் போட்டுட்டுப் போகணும். நீ என்ன போட்ட?

பக்கிரிசாமி: வெத்தலதான். என் மக மேல...

இராமலிங்கம்: அந்தப் புள்ளைய இழுக்காத.

பக்கிரிசாமி: நம்பலன்னா விடுங்க.

இராமலிங்கம்: குடத்துப் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். கவனிச்சியா?

பக்கிரிசாமி: தூங்கறீங்கன்னு பயலுங்க சிரிச்சானுங்க.

இராமலிங்கம்: கேட்டுக்கிட்டு இருந்தேன். வெத்தல விழுந்தா சத்தமே வராது. பாக்கு விழுந்தா டொக்குனு கேக்கும். ஏற்பாடு பண்ணினப்ப அது என் புத்திக்கு எட்டல. ரகசியமா ஓட்டுப் போடணும்னு துணியக் கட்டி வச்சேன். பித்தளை அத்தனை பேரையும் காட்டிக் குடுத்துடுச்சு... நீ கைய விட்ட. டொக்குனு கேட்டுச்சு. காப்பியக் குடி. ஆறுது.

பக்கிரிசாமி: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடிக்க?

இராமலிங்கம்: எனக்குக் கோவம் இல்லடா. ஏன் போட்டேன்னு மட்டும் சொல்லு. சொந்தம்னா?

பக்கிரிசாமி: சொந்தம்னா முன்னாடியே சொல்லிட்டுப் போட்டிருப்பேன்... ரயில் பட்டறையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட துரை ஒருத்தன் கிடையாது. 'ஏய்'தான். எனக்கும் பழகிடுச்சு. பழனியப்பன் ஒரு நாள் என்கூட வந்து நின்னான். 'மாமா, அவன் ஏய்னா நீங்க ஏன் திரும்பறீங்க?'ன்னு கேட்டான். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல. இந்த வயசுல கழுத்து தானாத் திரும்புதுண்ணே. என்னால நிறுத்த முடியல. அவனாவது திரும்பாம இருக்கட்டும்னுதான் போட்டேன்.

இராமலிங்கம்: ...சரியாத்தான் போட்டிருக்க.

பக்கிரிசாமி: என்ன?

இராமலிங்கம்: ஒண்ணுமில்ல. ஆனா நான் மட்டுமா கேட்டேன்? குடத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தது யாரு?

பக்கிரிசாமி: அந்த வெள்ளை வேட்டிக்காரரா? கிள்ளான் சங்கத்துலேருந்து வந்த விருந்தாளின்னாங்க.

இராமலிங்கம்: கிள்ளான்ல எந்தச் சங்கம்னு யாராவது கேட்டீங்களா?

பக்கிரிசாமி: ...அண்ணே.

இராமலிங்கம்: அவனும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருந்தான். ஒவ்வொரு டொக்குக்கும் கண்ணத் தெறந்து ஆளப் பாத்தான்.

பக்கிரிசாமி: உளவா? அப்ப கொடி ஏத்தினா... கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவானுங்களே. பழனிக்கு அங்க யாரு இருக்கா, ஒரு நாதி கிடையாது. ஊரு பேரு கூட அவனுக்குத் தெரியாது. சாவி வேணாம். நான் செந்தூலுக்குப் போறேன், அவன எங்கயாவது...

சீதாலெட்சுமி: தோசை கல்லுல இருக்கு தம்பி.

பக்கிரிசாமி: தோசையா இப்ப? வழிய விடுங்க அண்ணி.

சீதாலெட்சுமி: ஒண்ணே ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போங்க.

பக்கிரிசாமி: ஏன் கதவுகிட்ட நிக்கிறீங்க? ஏன் ரெண்டு பேருமா சேந்து என்னைப் போக விடாம... அண்ணே, என் மூஞ்சியப் பாருங்க. அந்த ஆள உளவுன்னு தெரிஞ்சுதான் பக்கத்துல உக்கார வச்சீங்களா? நீங்களா காட்டிக் குடுத்தீங்க?

இராமலிங்கம்: அப்படியே வச்சுக்க. உக்காந்து திட்டு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு.

பக்கிரிசாமி: தோத்த ஆத்திரமா? ஒரு நாற்காலிக்காகவா? என் அக்கா சாகறப்ப அந்தப் பயல உங்க மடியிலயும்தான வச்சா. மொத சிலேட்டு வாங்கிக் குடுத்தது நீங்க. நாய்க்குட்டின்னு சொன்னானுங்களே, அது கூட சோறு போட்ட வீட்டுப் புள்ளையக் கடிக்காது.

சீதாலெட்சுமி: தம்பி, போதும்... ஏங்க, சொல்லிடுங்க. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல.

இராமலிங்கம்: நீ சும்மா இரு. இன்னும் கொஞ்ச நேரம்.

பக்கிரிசாமி: எதுக்கு இன்னும் கொஞ்ச நேரம்?

இராமலிங்கம்: திட்டுடா. ஏன் நிறுத்திட்ட?

பக்கிரிசாமி: எதுக்குன்னு கேக்கறேன்.

இராமலிங்கம்: ...கேக்குதா?

பக்கிரிசாமி: என்னது? விசிலு. கிள்ளான் வண்டி. அதுக்கென்ன?

இராமலிங்கம்: பாலத்தத் தாண்டட்டும்.

பக்கிரிசாமி: ...தாண்டிடுச்சு. இப்பவாவது சொல்லுங்க. சாவி எங்க, பழனி எங்க?

இராமலிங்கம்: சாவி உன் டம்ளருக்குப் பின்னால, தட்டுல வெத்தல பாக்கோட காலையிலேருந்தே இருக்கு, நீதான் பாக்கல. சீதா, கதவ விட்டு நகரு, இனிமே அவன் போகலாம்... பக்கிரி, அந்த வண்டியிலதான்டா பழனி போறான், கிள்ளான் துறைமுகத்துல கப்பலேத்தறதுக்கு. விடியறதுக்குள்ள செந்தூல்ல பிடிச்சுட்டானுங்க. போலீஸ் ஸ்டேஷன் ஆளு ஒருத்தன் வந்து சொன்னான், ஓடினேன். 'நம்ம பய, நான் பொறுப்பு'ன்னு துரைகிட்ட எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். இத்தனை நாளா அந்த ஒரு சொல்லுலதான் அவன வெளிய வச்சிருந்தேன். 'நீ இப்ப தலைவன் இல்லையே'ன்னான் துரை. நாற்காலி போடல, நின்னுக்கிட்டே கேட்டேன். பய அழல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: 'மாமா பிளாட்பாரத்துக்கு வந்தா சும்மா இருக்க மாட்டாரு, அவரு போட்ட பாக்கும் இவனுங்களுக்குத் தெரியும், அவரையும் சேத்து ஏத்திடுவானுங்க. புஷ்பாவுக்கு வேற யாரும் இல்ல. வண்டி போற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டு இருங்க தலைவரே'ன்னான். தலைவரேன்னுதான்டா கூப்பிட்டான், இன்னமும்... அதான், பேசிக்கிட்டு இருந்தேன்.