ஹெஸ்டரின் சிவப்புக் கைக்குட்டை

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, கொட்டகையைத் திறந்து, எங்கள் விமானத்தின் சைலன்சர் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். என் கணவர் எல்வின் மறைந்த இந்த இரண்டு வருடங்களாக என் நாள் அப்படித்தான் விடிகிறது. அந்தக் குளிர்ச்சி கையில் இருக்கும்போதே உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

சொந்தமாக விமானம் கட்டிப் பறப்போரின் இந்தக் காலை விருந்துக்கு, பான்கேக் சுட்ட மாவுக் கையோடு தலைமையேற்றிருக்கும் விர்ஜில் அவர்களே! தகரம் தட்டித் தட்டியே தலை நரைத்த பெரியவர்களே! வீட்டுக் கொட்டகையில் விமான இறக்கை வளர்ந்ததால், பனிக்காலமெல்லாம் காரை வெளியில் நிறுத்திய பொறுமைமிகு தாய்மார்களே! முன்வரிசையில் முறைத்தபடி வீற்றிருக்கும் ஹெஸ்டர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் புல் ஓடுதளம் யாருடையது? ஹெஸ்டருடையது! ஓரத்தில் இருக்கும் வீடு யாருடையது? ஹெஸ்டருடையது! அந்த வீட்டுக்கு மேலே ஊளையிட்டபடி பறந்தது யாருடையது? (கை காட்ட வேண்டாம் டுவெய்ன், என்னுடையதுதான்!)

நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின் அது. ஒன்பது குளிர்காலம் உழைத்து விமானத்தில் பூட்டினோம். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. வாய் மட்டும் இருந்தது! பறக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே ஹெஸ்டர் வேலியருகே வந்தார்.

"எல்வின், உன் பேயை அடக்கு. சோளம் விதைக்கறதுக்குள்ள அடங்கலைன்னா, ஓடுதளத்தையும் சேத்து உழுதுடுவேன்."

"கொஞ்சம் டைம் குடுங்க ஹெஸ்டரம்மா."

"டைம் நெறய இருக்கு. காதுதான் ரெண்டே ரெண்டு."

எல்வின் பெட்ரோலைக் குறைத்தார், காற்றைக் கூட்டினார். ஓசை இனித்தது. ஆனால் ரோட்டரியின் மூச்சே நெருப்பல்லவா! பெட்ரோல் குறையக் குறைய அது மேலும் கொதித்தது. சத்தத்தை அடக்கும் உள்தகடுகள் உருகி, ஹெஸ்டரின் கோழிக்கூண்டுக்கு நேர் மேலே சைலன்சர் வாய்பிளந்தது. ஒரு வாரம் கோழிகள் முட்டையிடவில்லை. (சிரிக்காதீர்கள், அந்த வாரம் அவருக்கு முட்டை வாங்கிக் கொடுத்தது நான்!)

தடித்த எஃகில் புது சைலன்சர் ஒன்று செய்தோம். சோள விதைப்புக் கெடு முடிய நான்கே நாள். ஹெஸ்டரையே நடுவராக்கினோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வார், பக்கத்தில் எல்வின். தரையில் கட்டிய விமானத்தில் நான். காது உறுத்தினால் அவருடைய சிவப்புக் கைக்குட்டை உயரும். நான் பெட்ரோல் குமிழை மயிரிழை திருகுவேன். முதல் நாள் உயர்ந்தது. இரண்டாம் நாள் உயர்ந்தது. மூன்றாம் நாளும் உயர்ந்தது. நான்காம் நாள்? முழு வேகம் கொடுத்தேன், கைக்குட்டை உயரவில்லை! எல்வின் வேலிவரை ஓடிவந்து, கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். ஹெஸ்டர் தூங்கிவிட்டார்!

"தூங்கல்லாம் இல்ல. கண்ண மூடிக்கிட்டு கேட்டேன்."

"குறட்டையும் கேட்டுக்கிட்டேதான் விட்டீங்களா?" என்றார் எல்வின்.

அந்தக் குறட்டைதான், அன்பர்களே, இன்று உழப்படாமல் நம் காலடியில் இருக்கும் புல்!

எல்வின் போன பிறகு நான் பறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஹெஸ்டர் போன் செய்தார்.

"மார்லிஸ், ஒரு சத்தமும் கேக்கலையே. அவ்வளவு நல்லா அடக்கிட்டீங்களா, இல்ல நீ பறக்கறதே இல்லையா?"

"பறக்கல ஹெஸ்டரம்மா."

"அப்புறம் ஓடுதளம் எதுக்கு? உழுதுடட்டுமா?"

மறுநாளே பறந்தேன்.

வெயிலில் அமர்ந்து செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. இறங்குமுன், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. விமானத்தில் எல்வினின் இருக்கை இன்றுவரை காலி. மேடையை விட்டு இறங்கியதும் அதில் ஹெஸ்டரை உட்கார வைக்கப்போகிறேன்.

முறைக்காதீர்கள் ஹெஸ்டர். கைக்குட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்!