ஆவிளங்குளத்து ஊதாப்பூ

கேளுங்க மாப்ளே, பொண்ணுக்கு அத்தை நான் சொல்றேன். ரொம்ப முந்தி, என் பாட்டியெல்லாம் பொறக்காத காலம். இதே ஆவிளங்குளத்துல சோணமுத்துன்னு ஒரு மடைக்காரரு இருந்தாராம். வயலுக்குத் தண்ணி விடுற கம்மாய் மடையத் தொறக்குறது, அடைக்கிறது எல்லாம் அவருதான். பொண்டாட்டி பேரு அங்கம்மா.

மடை வேலை இல்லாத கோடையில ஒருநா டவுன்ல ஒரு பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் போயிருக்காரு. அங்க தொட்டித் தண்ணியில ஊதாப்பூ ஒண்ணு மிதந்துச்சாம். பாத்த மனுசனுக்குப் பொண்டாட்டி நெனப்பு வந்துருச்சு. தோட்டக்காரர்கிட்டக் கெஞ்சி, ஒரே ஒரு செடிய ஈரத்துண்டுல சுத்திக் கொண்டாந்து, "இந்தா புள்ள, உனக்குத்தான்"னாராம். கொடுத்துவச்ச மகராசி! எங்க வீட்டுக்காரரு இத்தன வருசத்துல ஒரு முழம் மல்லி வாங்கியாரல, அத விடுங்க.

அங்கம்மா அதக் கல்தொட்டியில விட்டா. ஒண்ணு நாலாச்சு, நாலு நாப்பதாச்சு, தொட்டி ரொம்பிப்போச்சு. புருசன் ஆசையாக் கொடுத்ததக் குப்பையில போட மனசு வருமா? கொஞ்சத்த அள்ளிக் கம்மாயில விட்டுட்டாளாம்.

ரெண்டே வருசம். கம்மாய் பூரா அந்த ஊதாப்பூச் செடிதான், ஆகாயத்தாமரைங்கிறாகளே, அது. தண்ணியே தெரியல. "எவன் கொண்டாந்து போட்ட சனியன் இது?"ன்னு ஊரே வைஞ்சுச்சாம். புருசனும் பொண்டாட்டியும் வாயத் தொறக்கல.

நெல்லு கதிர் வாங்குற நேரம். மடையத் தொறந்தா தண்ணி வரல. வேரு போயி அடைச்சுக்கிச்சு. "நான் போறேன்"னு சோணமுத்து முங்கினாராம். முங்கினவரு வரல. வரவே இல்ல.

கரையில நின்ன அங்கம்மா, "அய்யோ, அவரு எனக்காகக் கொண்டாந்தது! நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன்!"னு கத்திக்கிட்டே குதிச்சாளாம். நீச்சலும் தெரியாது அவளுக்கு. கழுத்துத் தண்ணியில நின்னு செடியப் பிச்சுப் பிச்சு எறியுறா. வைஞ்ச ஊரு என்ன செஞ்சுச்சு? அம்புட்டுப் பேரும் குதிச்சாக. அள்ளுனாக, இழுத்தாக. ஒரு வேர்க்கொத்தப் புடிச்சு இழுத்தா, அதோட ஒரு மனுசக் கை! மடையும் தொறந்து தண்ணி பாஞ்சிருச்சாம்.

கரையில கெடத்தினதும் கண்ணு முழிச்ச மனுசன் மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? "புள்ள, உன் பூவெல்லாம் போச்சா?"

"பூ கெடக்கட்டும், நீங்க இருந்தாப் போதும்"னு அங்கம்மா அழுதாளாம்.

அதுலேர்ந்துதான் மாப்ளே, நம்மூர்ல தாலி கட்டின அன்னைக்கே பொண்ணும் மாப்பிள்ளையும் கம்மாயில எறங்கி, ஆளுக்கு ஒரு கட்டுச் செடி இழுத்துக் கரையில போடணும். செடி இன்னும் ஒழியல. வருசா வருசம் கெளம்புது. ஆனா அங்கம்மாவ இங்க ஒருத்தரும் வையறதில்ல.

பட்டு வேட்டி நனைஞ்சா நனையட்டும், எறங்குங்க. எங்க பொண்ணு கையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க. தனியா மட்டும் எறங்காதீக.