மேற்குச் சுவர்ப் புகைக்குழாய்

இந்த வெயிலில் யாருக்கு ஹீட்டர் என்று நீங்கள் சிரித்ததில் தவறில்லை, இன்ஸ்பெக்டர். என் மனைவி குணபூசணியும் முதலில் அப்படித்தான் சிரித்தாள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காது. ஆனால் முட்டையை விட்டு வந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுக்கு நம் ஊர் மழைக்காற்றே போதும், உயிர் போய்விடும். சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பவை நசுங்கிச் சாகும்.

என் பெயர் யோகநாதன். வயது ஐம்பத்தெட்டு. ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து போர்மனாக ஓய்வு பெற்றேன். என் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில்தான் கிளார்க்காக இருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் போலீஸ் நிலையத்துக்கு வந்ததில்லை. நான்தான் முதல் ஆள். அதுவும் நானாகவே வந்திருக்கிறேன்.

முதல் ஹீட்டரை நான் கோழிக்காகச் செய்யவில்லை. கேமரன் மலையில் ரோடு போடும் குத்தகைக்காரர் ஒருவருடைய ஆட்கள் கூடாரத்தில் குளிரில் நடுங்கினார்கள். கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு படுத்ததில் ஒருவன் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அதைக் கேட்டபோது எனக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அப்போதுதான் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு டீசல் ஹீட்டர் செய்தேன்.

அதில் நெருப்பு எரிகிற பெட்டி வேறு, நாம் மூச்சு விடுகிற காற்று வேறு. எரிவதற்கான காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து இழுக்கும். புகையை இன்னொரு குழாய் வெளியே தள்ளும். டீசல் தொட்டி நெருப்புக்கு எட்டாமல் வெளியே நிற்கும். விசிறி நின்றால் டீசல் தானாக அடைபடும். பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். ஒரு குமிழி வந்தாலும் பிரித்து மறுபடி வைப்பேன். இவ்வளவு கவனமாக யாரும் செய்ய மாட்டார்கள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜெஞ்சாரோமில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் இராமலிங்கம் இதைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். எண்பத்து நான்காம் வருடம் பிப்ரவரியில் அவருடைய குஞ்சுக் கொட்டகையில் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். தகரக் கூரை, அரைச் சுவருக்குப் பலகை, அதற்கு மேலே மழைக்கு இழுத்துக் கட்டும் கன்வாஸ். கிழக்கே வாசல் இருந்ததால் புகைக்குழாயை மேற்குச் சுவர் வழியாக வெளியே விட்டேன். கூரை விளிம்புக்குக் கீழே அது முடிந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது.

அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன் பழனியப்பன். செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன், ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்தவன். முதல் வாரம் குஞ்சுகளை விட்டு நகரக்கூடாது என்பதால் உள்ளேயே ஒரு கட்டில் போட்டுப் படுப்பான். அவன் மனைவி சீதாலெட்சுமி சாப்பாடு கொண்டுவருவாள். நல்ல மனிதர்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் நான் போனபோது பழனியப்பன் என்னைக் கொட்டகையின் மேற்குப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். சுவரோரமாக இருநூறு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நசுங்கவில்லை. தூங்குவது போலக் கிடந்தன.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கடல் பக்கமிருந்து காத்து அடிச்சா பொகை வெளிய போவல. கூரைக்கடியில பூந்து திரும்ப உள்ளாரதான் வருது. எனக்கே ரெண்டு நாளா மண்ட இடி."

"ஹீட்டரில் பிரச்சினை இல்லை. குஞ்சுதான் நோய்க் குஞ்சு" என்றேன்.

அந்த ஒரு மணி நேரம் அங்கே நின்றதில் எனக்கும் தலை வலித்தது. அவன் சொன்னது சரி என்று எனக்கு அன்றே தெரியும். இதை நான் மறைக்கவில்லை.

அடுத்த வாரம் போனால் என் புகைக்குழாயின் நுனியில் மேலே திரும்பியபடி இன்னும் இரண்டு துண்டுக் குழாய்கள். கூரைக்கு மேலே போய் நின்றன. உச்சியில் பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு தொப்பி. என்னைக் கேட்காமல் பழனியப்பன் மாட்டியிருந்தான். அதற்குப் பிறகு ஒரு குஞ்சும் அப்படிச் சாகவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஜூலையில் பந்திங்கிலிருந்து இரண்டு பண்ணைக்காரர்கள் ஹீட்டர் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல நான் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன். இராமலிங்கம் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்.

"பெட்டி செஞ்சது நம்ம யோகா அண்ணன். ஆனா மூளை பழனியோடது லா. அவன் அந்தக் குழாய மாட்டலைன்னா இந்நேரம் என் குஞ்சு எல்லாம் காலி."

எல்லோரும் சிரித்தார்கள். பழனியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா செஞ்சதுதாங்க எல்லாம், நான் சும்மா ஒரு டின்ன மாட்டுனேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பேன். அவன் எனக்காக இரக்கப்பட்டான்.

வந்தவர்கள் குழாய் எத்தனை அடி, டின் எந்த அளவு என்று அவனிடம்தான் கேட்டார்கள். போகும்போது ஒருவர் என்னைப் பார்த்து, "அங்கிள், நமக்கும் ஒரு பழனி ஹீட்டர் செஞ்சு குடுங்க" என்றார். ஒரு மாதத்துக்குள் கிள்ளானிலிருந்து பந்திங் வரைக்கும் அதுதான் பெயர். பழனி ஹீட்டர். என் கையால் மூன்று வருடம் இழைத்த பொருள்.

நீங்கள் இதைப் பொறாமை என்று எழுதக்கூடும். நான் அதைவிடப் பெரிதாக யோசித்தேன். படிக்காத ஒருவன் கண்டபடி வெட்டி ஒட்டி, அதற்குப் பாராட்டும் வாங்கினால், நாளைக்குப் பத்துப் பேர் அப்படிச் செய்வார்கள். இது விளையாட்டில்லை என்று யாராவது ஒரு முறை காட்டித்தான் ஆகவேண்டும். அதில் கொஞ்சம் சேதம் வரும். பட்டறையில் ஒரு விபத்து நடந்தால் அடுத்த பத்து வருடம் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கொட்டகை ஹீட்டரைத் துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பகல் ஒரு மணிக்குப் போனேன். இராமலிங்கம் கோழி விற்கப் பாசாருக்குப் போயிருந்தார். புதிய குஞ்சுகள் வந்து மூன்று நாள். பழனியப்பனின் கண் சிவந்து கிடந்தது.

"நீ கொஞ்சம் படு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னா எனக்கென்ன பயங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். உடனே தூங்கிவிட்டான்.

கடல் பக்கம் வானம் கறுத்து வந்தது. வெளியே ஏணி போட்டு அவன் மாட்டிய இரண்டு குழாய்களையும் டின்னையும் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். ஹீட்டர் நான் முதலில் வைத்துக் கொடுத்தபடியே ஆனது. நான் எதையும் உடைக்கவில்லை, அடைக்கவில்லை. பிறகு புகை உள்ளே வரும் மேற்குப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் கன்வாஸை இறக்கி இறுக்கிக் கட்டினேன். மழைக்குக் கன்வாஸ் இறக்குவது எப்போதும் செய்வதுதான்.

கடைசி முடிச்சுப் போடும்போது சீதாலெட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஐயா சாப்பிட்டீங்களா? அவருக்கு மீன் கறி வச்சிருக்கேன், உங்களுக்கும் இருக்கு."

வேண்டாம் என்றேன்.

"தீபாவளிக்குக் கண்டிப்பா வீட்டுக்கு வரணும். ஆன்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். அதற்குள் பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்தது. அவள் நனையக்கூடாதென்று வாசல் கன்வாஸைத் தூக்கிப் பிடித்தேன். அவள் குனிந்து உள்ளே போனாள். நான் அதை மறுபடி கட்டினேன்.

அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன காரணம் சொல்லி அனுப்புவது?

ரோட்டோரத்து ஒட்டுக்கடையில் இரண்டு கிளாஸ் தே குடித்தேன். மழை மேற்கிலிருந்து சாய்வாக அடித்தது. கடைக்காரன் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டரை மணி நேரம் கழித்து மழை விட்டதும் திரும்பிப் போனேன். சுவரோரம் வைத்த குழாய்களைக் கழன்று விழுந்த மாதிரி சேற்றில் போட்டேன். ஹீட்டரை நிறுத்தினேன். கன்வாஸை அவிழ்த்தேன்.

பழனியப்பன் கட்டிலில் இருந்தான். எழுந்திருக்க முயன்ற அடையாளமே இல்லை. அவள் வாசலுக்கு நாலடி தள்ளி, கன்வாஸைப் பார்த்துக் கைநீட்டியபடி குப்புறக் கிடந்தாள். அவளை முதலில் வெளியே இழுத்தேன். மூச்சு இருந்தது. பிறகு கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது குணபூசணி, "என்னப்பா, சட்டையெல்லாம் சேறு? சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

என்னை எல்லோரும் பாராட்டினார்கள். தமிழ்ப் பத்திரிகையில் நாலு வரி செய்தி வந்தது, ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய முன்னாள் ரயில்வே ஊழியர் என்று. சீதாலெட்சுமி இப்போது கம்போங் மேடானில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குச் சில நாள் தங்கையின் பெயர் வராது. சட்டைப் பொத்தானைத் தானாகப் போடத் தெரியவில்லை. புருஷன் வேலைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மாதம் ஒரு முறை பிஸ்கட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போவேன். தங்கை சொல்லிக் கொடுத்து என் கையைப் பிடித்துக் கும்பிடுவாள். அதை நான் தடுத்ததில்லை. கன்வாஸை அவிழ்த்தவன் நான்தானே.

நீங்கள் கேட்காமலே இன்று ஏன் வந்தேன் என்று யோசிக்கிறீர்கள். சொல்கிறேன்.

இந்த ஏப்ரலில், பழனியப்பன் இறந்தது பற்றிய விசாரணை அறிக்கையின் நகலை இராமலிங்கம் எனக்குக் காட்டினார். ஹீட்டரைப் பரிசோதித்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் எழுதியிருக்கிறார்: புகைக்குழாய் கூரை விளிம்புக்குக் கீழே முடிந்தது அடிப்படைப் பிழை. மேற்குக் காற்று அடித்தால் இந்த ஹீட்டர் ஆளைக் கொல்லும். இறந்தவர் தாமாகச் சேர்த்த மேல்குழாய்தான் இதில் இருந்த ஒரே பாதுகாப்பு. அது தற்செயலாகக் கழன்றதால் விபத்து.

ஒரே பாதுகாப்பு. சோப்பு நுரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. விசிறி நின்றால் டீசல் தானாக அடைபடுவதைப் பற்றி எழுதவில்லை. நான் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பந்திங்காரர்கள் என் ஹீட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் காதுபடவே சொன்னார், பழனி இருந்தவரைக்கும்தான் அது நல்ல ஹீட்டர் என்று.

ஆகவே அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும். தற்செயலாக எதுவும் கழலவில்லை. கழற்றியது நான். பழனியப்பனைத் தூங்கச் சொன்னது நான். அவள் உள்ளே போகக் கன்வாஸைத் தூக்கிப் பிடித்ததும், பிறகு கட்டியதும் நான். தண்டனை என்னவோ கொடுங்கள், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மனிதனைக் கொன்றது நான். நான் செய்தபடி இருந்தவரை அந்த ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை.