இடது பின் சில்லு பற்றி நாகேந்திரம் ஜனகன் கூறியது

பெயர் நாகேந்திரம் ஜனகன். வயது 44. இல. 14/3, 37ஆவது ஒழுங்கை, வெள்ளவத்தை. கப்பல் சரக்கு நிறுவனமொன்றில் எழுதுநர்.

நேற்று 18.08.2025 எங்கள் காரைச் சோதித்த வாகனப் பரிசோதகர், இடது பின் மட்கார்டின் உள்விளிம்பில் டயர் றப்பர் ஒட்டியிருப்பதைக் காட்டினார். ஆகவே, ஞாயிறு விபத்துப் பற்றி என் மனைவி நிருஷா பொலிஸ் உத்தியோகத்தரிடம் கூறியது சரியல்ல என்று சொல்ல இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நிருஷா இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்தவர். அந்தச் சந்தோஷத்தில் 14ஆம் திகதி, கொட்டாஞ்சேனையில் பாவித்த சில்லு விற்கும் ரிப்கானிடம், நிருஷாவுக்குப் பிடித்த கறுப்பு அலோய் சில்லுகள் நான்கை வாங்கிப் பூட்டினேன். பழைய சில்லில் ஓஃப்செட் 45, புதியதில் 30. அகலம் ஒன்றானாலும், எண் குறைந்த அளவுக்கு, 15 மில்லிமீற்றர், சில்லு வெளியே தள்ளி நிற்கும். "போல்ட் ஓட்டை சரி அண்ணன், ஆனா ஓஃப்செட் வேற. பின்னுக்கு ஆக்கள ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு வைங்க" என்றார் ரிப்கான். அதன் பின்னர் நான் தனியாகவே காலிமுகத்திடல் வரை ஓட்டிப் பார்த்தேன். பாரமில்லாததால் பின்பக்கம் தாழவில்லை, சில்லும் உரசவில்லை.

17ஆம் திகதி காலை நுகேகொடைக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். நிருஷா ஓட்டினார், நான் பக்கத்தில், பின்னால் என் பெற்றோரும் நிருஷாவின் தமக்கை அருள்நாயகியும். ஒரு வேகத்தடையில் நிருஷா, "பின்னால ஏதோ உரசுதப்பா" என்றார்.

"புது லைசன்ஸ்காரருக்கு எல்லாச் சத்தமும் கேக்கும்" என்றேன்.

"ஓம், போன கிழமை மழைச் சத்தத்துக்கும் நிப்பாட்டினவள்" என்றார் அருள்நாயகி.

நிருஷாவும் சிரித்துவிட்டு ஓட்டினார். அதன் பின்னர் சிறிது தூரத்தில், உரசித் தேய்ந்த இடது பின் டயர் வெடித்து, கார் இடப்பக்கம் இழுபட்டு, நிறுத்தியிருந்த முச்சக்கரவண்டியில் மோதியது. அதன் சாரதி கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எவருக்கும் காயமில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் வந்து கேட்டபோது நிருஷா, "என்ர பிழை சேர், நான்தான் ஒழுங்காப் பிடிக்கேல்ல" என்றார். அருகில் நின்ற நான் அந்த உரசல் சத்தத்தைப் பற்றி உத்தியோகத்தரிடம் சொல்லவில்லை. அதன் பின்னர் வீட்டில் அவர் தன் சாரதி அனுமதிப்பத்திரத்தை என் சட்டைப்பையில் வைத்து, "இனி நீங்களே ஓட்டுங்கோ" என்றார்.

ரிப்கான் எச்சரித்தார். நிருஷா சத்தத்தைக் கேட்டுச் சொன்னார். இருவர் பேச்சையும் கேளாதவன் நான்.

பரிசோதகரின் அறிக்கை 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிடைக்குமென அறிகிறேன். அதுவரை நிருஷாமீது கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் பதியவேண்டாம். நான் இங்கு வந்தது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிவருவேன். அறிக்கையை உத்தியோகத்தரே அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். நான் சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றே நினைப்பார்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

ஒப்பம்: நா. ஜனகன்
19.08.2025