கடலில் உப்பு குறைந்த வாரம்

“கடல்ல உப்பு கொறஞ்சு போச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? நானே நம்பலை!”

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைநாள். தீவின் வடகரையிலுள்ள கிராஞ்சியிலிருந்து வந்த பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்த பெண் கணவரிடம் இப்படிக் கத்தினார். கணவர் அங்கே கடல்நீர் விட்டு இறால் வளர்க்கும் குளத்தைப் பார்த்துக்கொள்பவர். இறாலெல்லாம் செத்துப்போனதால், முதலாளியான சீனத் தவுக்கே அன்று காலை அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்.

“நாலு நாள் பெஞ்ச மழைத்தண்ணி கடல்ல அப்படியே நிக்குது.”

“கிழக்க சாங்கியிலயும்தான் மழை. அங்க ஒண்ணும் ஆகலையே?”

“அங்க கடல் தெறந்து கெடக்கு. இங்க ஜொகூருக்குக் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டு ஒரு பக்கத்தை அடைச்சாச்சு. மேக்க துவாஸ் பக்கம் மட்டும்தான் வழி. வெளிய போற தண்ணியே திரும்பி வருது.”

“கொளத்து மதகைத் தெறந்து புதுத்தண்ணி விடறதுக்கென்ன?”

“விட்டேனே! பக்கத்துப் பன்னிக்கொட்டகை கழுவின தண்ணிதான் உள்ள வந்துச்சு.”

“இதைத் தவுக்கேகிட்ட சொன்னீங்களா?”

“எங்க சொல்ல விட்டாரு? நான் மதகையே தெறக்கலைன்னு கத்தினாரு. பஸ் ஏறி வந்துட்டேன்.”

அந்தப் பெண் எழுந்து மணியடித்தார்.

“புக்கிட் பாஞ்சாங்லதானே அவர் வீடு? எறங்குங்க, நான் சொல்றேன்.”

“உனக்குச் சீனம் தெரியாதே?”

“ரெண்டு பேருக்கும் மலாய் தெரியும்லா. வாங்க.”

கொட்டும் மழையில் அவர் முன்னால் நடக்க, கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.